இரண்டாம் பகுதியில் இருமிய மனிதர்

அண்ணனின் முதலாண்டு நினைவிதழுக்கு, அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி அண்ணி கேட்டார். எழுதுகிறேன். கூடவே, அண்ணனிடம் நான் சொன்ன ஒரு பொய்யையும் எழுதியாக வேண்டும். ஓராண்டாக அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

அண்ணன் பிறந்தது காங்கேயம் பக்கம். எங்கள் தந்தையார் சீக்கிரமே காலமானதால், பள்ளிப் படிப்போடு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் சேர்ந்தார். படிப்படியாக, வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர் ஆனார். என்னைப் படிக்க வைத்ததும் மணமுடித்துக் கொடுத்ததும் அவரே. யாரிடமும் குரலை உயர்த்தாதவர். அவருக்கு இருந்த ஒரே பித்து, மேல்நாட்டு சிம்பொனி. ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த சிடியில் தொற்றிக்கொண்டது அது. "எழவு ஊடு மாதிரி இருக்குதுங்க, நிறுத்துங்க" என்று அண்ணி அலுத்துக்கொள்வார்.

அந்த சிடியில் இருந்த சிம்பொனியையே வேறு குழுவினர் வாசித்த மூன்று சிடிகளையும் தேடி வாங்கினார். எல்லாம் ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிந்தவை. ஆனாலும் முதல் சிடிதான் அவருக்கு உயிர். அண்ணன் பிறப்பதற்கும் முன்னால், எங்கோ ஓர் அரங்கில் ஆட்கள் முன் வாசித்தபோதே பதிந்தது. மொத்தம் நான்கு பகுதிகள். இரண்டாம் பகுதியில் வயலின்கள் தணியும் இடத்தில், கேட்க வந்த யாரோ ஒருவர் இரண்டு முறை வறட்டு இருமல் இருமுவார். அதன்பின் அவர் சத்தமே இராது.

"அந்த மனுசன் எங்க போயிட்டான் அம்மிணி? பஸ்ஸு போயிருமின்னு கெளம்பீட்டானாட்ட இருக்குது" என்று அண்ணன் சிரிப்பார்.

நுரையீரலில் நோய் என்று தெரிந்த பிறகு அந்தக் கேலி நின்றது. இரண்டாம் பகுதி முடிந்ததும் ரிமோட்டால் நிறுத்திவிடுவார். நாளாக ஆக அவருடைய இருமலும் அதே மாதிரி ஆயிற்று. அதே வறட்சி, அதே இரண்டு முறை. எது ஸ்பீக்கரில் வருகிறது, எது அண்ணனிடமிருந்து வருகிறது என்று அடுத்த அறையில் இருந்த எங்களுக்குப் பிரித்தறிய முடியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் என்னை அருகில் அழைத்தார்.

"நீ கடைசி வரைக்கும் கேட்டுட்டு வந்து சொல்லு அம்மிணி. அந்த மனுசன் மறுபடி எங்கயாச்சும் இருமறானான்னு. எனக்குக் கேக்கப் பயமா இருக்குது கண்ணு."

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டேன். இருமல் இல்லை. தவறவிட்டிருப்பேனோ என்று மறுபடியும் கேட்டேன். இல்லவே இல்லை.

"இருமறாருங்கண்ணா. கடைசீல, கை தட்டறதுக்குச் சித்த முந்தி."

"அப்ப இருந்திருக்கறான்" என்றார். அன்றைக்கு ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான்காம் நாள் காலையில் அமைதியாக எங்களை விட்டுப் பிரிந்தார்.

பொய்யை ஊரறிய ஒப்புக்கொள்ளும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று, சென்ற வாரம் அண்ணன் அறையில் அந்த சிடியை ஸ்பீக்கரில் போட்டேன். நான்காம் பகுதி முடிந்தது. கைதட்டலுக்குச் சற்று முன், வறட்டு இருமல் இரண்டு முறை கேட்டது. நான் சொன்ன அதே இடம். கைதட்டல் ஓய்ந்ததும் திரும்பிப் பார்த்தேன். சமையலறையில் இருந்த அண்ணி, அண்ணன் இருமினால் கொண்டுவரும் வெந்நீர் டம்ளரோடு கட்டிலருகே வந்து நின்றிருந்தார். கட்டில் காலி என்பது அவருக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அண்ணனுக்கு மருத்துவம் பார்த்தவர்கள், ஆஸ்பத்திரியில் முறைவைத்துத் துணையிருந்த எங்கள் மண்ணரை வீதிக்காரர்கள், கம்பெனித் தோழர்கள் எல்லோரையும் எங்கள் குடும்பம் கைகூப்பி வணங்குகிறது. அந்த சிடி அண்ணியிடம் இருக்கிறது. விரும்புகிறவர்கள் வாங்கிக் கேட்கலாம். கடைசியில் என்ன கேட்டது என்பதை மட்டும் தயவுசெய்து என்னிடம் சொல்ல வேண்டாம்.