காதர் பாட்சா ஏன் படிப்பை விட்டார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை பூவிருந்தவல்லியிலிருந்து தொலைபேசி வந்தது. "அத்தா மௌத்தாயிட்டாருங்க. சாயங்காலத் தொழுகைக்கு முன்னாடி அடக்கம்" என்றார் மூத்த மகன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். "வருகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

கடைத்தெருவில் அத்தர் கடை வைத்திருந்த பெரியவராகத்தான் காதர் பாட்சா அவர்களைப் பலருக்குத் தெரியும். சுதந்திரத்துக்கு முன், உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் தலைவரும் கோல்கீப்பரும் அவர்தான். அந்த அணியில் இப்போது நான் ஒருவனே மிச்சம். இதை எழுதத் தகுதியுள்ளவன்தானா என்று யோசித்துப் பார்த்தேன். வேறு ஆள் இல்லை.

நான் மாற்று ஆட்டக்காரன். எந்த ஆட்டத்திலும் இறங்கியதில்லை. பந்துக்குக் காற்றடிப்பதும் தண்ணீர்ப் பானை தூக்குவதும் என் வேலை. எதையும் வரிசையாகச் செய்வேன் என்பதால் என்னை அவர் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார். "உன்ன எறக்கிவுட்டா பந்துக்கு வணக்கம் சொல்லிட்டுதான் ஒதப்ப" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

அவருக்குச் சரித்திரப் பாடத்தின் மீது தீராத ஆசை. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது கோல் கம்பத்தடியில் வைத்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார். அவருடைய தகப்பனாருக்கோ கடையில் ஆள் வேண்டியிருந்தது. பர்மாவுக்குப் போன அண்ணனைப் பற்றிப் போர் தொடங்கியபின் ஒரு தகவலும் இல்லை. ஒருநாள் என் எதிரிலேயே தகப்பனார் சொன்னார்: "பந்து ஒதைக்கவா உன்ன பட்டணத்துக்கு அனுப்பிகினு கீறேன்? கப்ப கொண்டாந்து இந்தக் கல்லாமேல வை, பி.ஏ. முடி. இல்லியா, கடைல வந்து குந்து."

காதர் பாட்சா தலையாட்டினார். அந்தப் பருவம் முழுவதும் அவர் கோல் காத்த விதத்துக்கு அந்த வாக்குதான் காரணம் என்று நினைக்கிறேன். வெறுங்காலோடு ஆடி, நகரத்துக் கல்லூரிகளை ஒவ்வொன்றாக வென்று, இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். ஆவடி முகாமின் பட்டாளத்து அணியோடு, அவர்கள் மைதானத்திலேயே ஆட்டம். அது ரமலான் மாதம்.

"நாளைக்கு ஒருநாள் நோம்ப வுடேன் மச்சான்" என்று முந்தின நாளே அம்பத்தூர் முனுசாமி கேட்டான். எங்கள் முன்னணி ஆட்டக்காரன். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை.

"அது உன் வேல இல்ல. நீ கோல் போடு" என்றார் இவர்.

அவர் பூவிருந்தவல்லியிலிருந்து ஜட்காவில் நேராக ஆவடிக்கு வந்தார். நாங்கள் ரயிலில் போனோம். வண்டியில் முனுசாமி எல்லோரிடமும் சொன்னான்: "அவன் காஞ்சி போய் நிப்பான், நாம எதுர்ல மடக்மடக்னு குடிக்கிறதா? நான் காலைலேர்ந்தே குடிக்கல. யாரும் குடிக்காதீங்க. அவன்கிட்ட சொல்லவும் வாணாம்." ஒருவரும் மறுக்கவில்லை. அது சரியா தவறா என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

முற்பாதியில் முனுசாமி ஒரு கோல் போட்டான். இடைவேளையில் பானையின் மூடியை யாரும் எடுக்கவில்லை. பிற்பாதியில் வெயில் எங்கள் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டது. "ஓடுங்கடா, இன்னாடா நடந்துகினு கீறீங்க" என்று காதர் பாட்சா கோலிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். முனுசாமி கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு விழுந்தான். ஆட்டத்தின் நடுவே மாற்று ஆளை இறக்கும் விதி அப்போது இல்லை. தடுக்க ஆளில்லாமல் பட்டாளத்தார் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார்கள். அவற்றை யாராலும் பிடித்திருக்க முடியாது.

ஆட்டம் முடிந்து பொழுது சாய்ந்ததும் நோன்பு திறக்கக் காதர் பாட்சா பானையின் மூடியை எடுத்தார். தண்ணீர் விளிம்புவரை நின்றது.

"இன்னா வாத்தியாரே, அப்பிடியே கீது?"

முனுசாமிதான் சொன்னான்: "நீ குடிக்காம நிக்கிறப்ப நாங்க எப்பிடி மச்சான்..."

"எனுக்குச் சின்ன வயசுலேர்ந்து பழக்கம்டா. நான் நிக்கிற ஆளு. ஓடுற நீங்க இன்னாத்துக்குடா" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். குவளையில் மொண்டு முனுசாமிக்குக் கொடுத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். கடைசியில்தான் தாம் குடித்தார்.

அதன்பின் அவர் கல்லூரிக்கு வரவில்லை. கடைக்குப் போய்ப் பார்த்தேன். "ஏம்பா, ஜெயிச்சிகினு இருந்தவங்க எப்பிடித் தோத்தீங்க?" என்று அவர் தகப்பனார் என்னைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், "நான்தான் வுட்டுட்டேன் அத்தா. ரெண்டு பந்தும் கைல பட்டு நழுவிப் போச்சி" என்றார் மகன்.

தெருவுக்கு வந்ததும், உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தா இரங்கியிருப்பாரே என்றேன்.

"எறங்குவாரு. அப்புறம் நோம்பு புடிச்சுத் தோத்தானுங்கன்னு பஜாரு பூரா பேசும். தன்னாலதான் தோத்தோம்னு முனுசாமி தாங்க மாட்டான். வுடு, வாத்தியாரே."

முனுசாமி இறந்துபோய்ப் பல காலம் ஆகிவிட்டது. அதன் பிறகும் இவர் வாய் திறக்கவில்லை. அடக்கத்தன்று மகன் என்னிடம், "அத்தா ஏன் படிப்ப வுட்டாருன்னு கேட்டா, எனுக்கு ஏறலடான்னு சிரிப்பாருங்க" என்றார். அந்தக் கூட்டத்தில் சொல்லக்கூடிய கதையல்ல அது. அதனால்தான் எழுதுகிறேன். உங்கள் தந்தைக்குப் படிப்பு ஏறாமல் போகவில்லை, ஐயா. ஒரு நண்பனின் மனம் நோகாதிருக்க அதை விட்டார். விட்டதைத் தம் குறையாகவே கடைசிவரை சொல்லிக்கொண்டார்.

மண் போடச் சொன்னார்கள். குனிந்தால் எழுந்திருக்க முடியாது என்று தயங்கினேன். மகன் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்து, மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டார். போட்டேன். சுற்றி நின்றவர்கள் நகர்ந்த பிறகும் சற்று நேரம் நின்றேன். எங்களோடு ஆடிய எல்லோர் சார்பிலும், கேப்டன், உங்களை வணங்கி அனுப்பிவைக்கிறேன்.