வெள்ளி கறுக்கவில்லை

மாயக்காளின் விரல்கள் காளான் மொட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீரில் அலசினால் ருசி போய்விடும் என்பது அவள் முடிவு. ஈரத்துணியால் ஒவ்வொன்றாக மண்ணைத் துடைத்து, அரிவாள்மனையில் இரண்டாகப் பிளந்து சட்டியில் தள்ளினாள். விரியாத மொட்டுகளாகப் பார்த்துப் பறித்தவை. கோழிமுட்டை போல வெள்ளையாக இருந்தன.

மருமகள் ஜக்கம்மாள் ஏழு மாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். மூன்று நாளாகக் காளான் காளான் என்று புலம்பியவள் அவள்தான்.

"இம்புட்டு வெஞ்சனம் ஆருக்கு அத்தை?"

"உனக்கும் உன் வயித்துல கெடக்கிறதுக்கும். மிச்சம் மீந்தா என் மகனுக்கு."

"அவுக காதுல விழுந்தா சண்டைக்கு வருவாக."

"வரட்டும். அவன் வயித்துல கெடந்தப்ப நானும் இப்படித்தான் அவுக அப்பனுக்குக் குடுக்காமத் தின்னேன்."

ஜக்கம்மாள் சிரித்ததில் வெங்காயம் கைதவறி உருண்டது. ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மாதம் அது. முந்தின நாள் சாயங்காலம் இடியோடு மழை கொட்டியிருந்தது.

மாயக்காள் பிறந்தது கன்னிவாடி மலையடிவாரத்தில். அங்கே இடி இடித்த மறுநாள் பெண்கள் காளான் பறிக்க ஓலைப்பெட்டியோடு கிளம்பிவிடுவார்கள். அகரத்துக்கு வாக்கப்பட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மகன் உடையப்பன் நடை பழகும்போதே புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். களையெடுத்தும் நாற்று நட்டும் பிள்ளையை ஆளாக்கினாள். கறி எடுக்க வழியில்லாத அந்த வீட்டில், மழைக்காலத்துக் காளான்தான் கறி. இத்தனை வருஷத்தில் அவள் பறித்ததைத் தின்று ஒருவருக்கும் வயிறு வலித்ததில்லை. அகரத்துப் பெண்கள் காளான் பறித்தால் அவளிடம் ஒரு தரம் காட்டிவிட்டுத்தான் அடுப்பில் வைப்பார்கள்.

காளானைத் தேர அவள் வைத்திருந்த வழி சுருக்கமானது. புற்றைச் சுற்றி முளைத்திருக்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும். கறுப்பும் சிவப்புமாகச் சாணிக்குப்பையில் நிற்கிற நாய்க்குடையை அவள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கடைசியாக ஒரு சோதனை. புருஷன் போனபோது கழற்றி வைத்த வெள்ளி மெட்டியைக் கொதிக்கிற சட்டியில் போடுவாள். விஷம் இருந்தால் வெள்ளி கறுக்கும் என்று அவளுடைய ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

அன்றும் போட்டாள். கரண்டியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மெட்டி பளிச்சென்று இருந்தது.

உச்சிவேளையில் உடையப்பன் வயலிலிருந்து வந்தான். கம்மஞ்சோற்றுக்குக் காளான் குழம்பை ஊற்றி இருவரும் வழித்துத் தின்றார்கள். மாயக்காள் தொடவில்லை. சனிக்கிழமை அவள் தாடிக்கொம்புப் பெருமாளுக்கு விரதம், கவிச்சி தின்ன மாட்டாள். அவளைப் பொறுத்தவரை காளானும் கவிச்சிதான். மோரைக் குடித்துவிட்டு மாட்டுக்குப் புல் அறுக்கப் போனாள்.

புல்லுக்கட்டோடு திரும்பியபோது வாசலிலேயே நாற்றம் அடித்தது. ஜக்கம்மாள் கதவடியில் ஒருக்களித்துக் கிடந்தாள். சேலை நனைந்து கிடந்தது. கண் குழிந்து, உதடு வெளுத்து, வாயிலிருந்து பச்சைத் தண்ணீர் வழிந்தது. கொல்லையில் உடையப்பன் வேலியைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வந்துவிடுவதைப் போல ஓங்கரித்துக்கொண்டிருந்தான்.

மாயக்காளுக்குத் தலையில் இருந்த கட்டை இறக்கக்கூடத் தோன்றவில்லை. இதே வாசலில் இதே நாற்றத்தில்தான் புருஷன் கிடந்தான்.

"வாந்திபேதி," என்றாள் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள். சொன்ன கையோடு தன் தண்ணீர்க்குடத்தை உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் மேலும் இரண்டு கதவுகள் மூடின.

வண்டிக்காரக் கண்ணுசாமி மட்டும் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வந்தார்.

"தூக்கிப் போடு ஆத்தா. வந்தா எனக்கு வரட்டும், மாட்டுக்கு வராதுல்ல."

திண்டுக்கல் போய்ச் சேரும்வரை ஜக்கம்மாளின் தலை மாயக்காள் மடியில் கிடந்தது. கூப்பிட்டால் முனகினாள். பாதிவழிக்கு மேல் அதுவும் இல்லை. வயிற்றின்மேல் கையை வைத்தபடியே மாயக்காள் வந்தாள். உள்ளே ஓர் அசைவும் தட்டுப்படவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருவரையும் பாயில் கிடத்தினார்கள். நர்சம்மா குனிந்து ஜக்கம்மாளின் கைத்தோலைக் கிள்ளிவிட்டாள். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. பிறகு மரக்குழலை வயிற்றில் பதித்துக் காதை வைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"பிள்ளைச் சத்தம் கேக்குது. தாய் உடம்புல தண்ணியே இல்ல. ஊசி வழியா தண்ணி ஏத்தணும். தாய் தேறினாத்தான் பிள்ளை தங்கும்."

புட்டியை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "வாந்திபேதின்னு சொல்றீங்க. வீட்டுல வேற ஆருக்கு?"

"இவுக ரெண்டு பேருக்குந்தேன்."

"உனக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லம்மா."

"ஒரே பானைத் தண்ணிதான குடிச்சிருப்பே?"

"ஆமா."

"அப்ப இவங்க தின்னு, நீ திங்காதது என்ன?"

மாயக்காள் வாயைத் திறப்பதற்குள் பாயில் கிடந்த உடையப்பன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான்.

"காளான். நீ ஏன் ஆத்தா திங்கல?"

இருபத்திரண்டு வயது மகன், பெற்றவளை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"சனிக்கிழமைடா," என்றாள்.

"வெள்ளி போட்டுப் பாத்தேம்மா," என்று நர்சம்மா பக்கம் திரும்பினாள். "கறுக்கவே இல்ல. சத்தியமாக் கறுக்கல."

"வெள்ளிக்குக் காளானைப் பத்தி என்ன தெரியும்? நல்ல காளான்லயும் கறுக்கும், கெட்டதுல பளபளன்னு இருக்கும். தின்னு எம்புட்டு நேரத்துல வாந்தி வந்துச்சு?"

"நான் புல்லறுத்துட்டு வர்றதுக்குள்ள."

"அதுவரைக்கும் நல்லது. சில காளான் ஒரு பொழுது கழிச்சுத்தான் வேலையக் காட்டும். அதுக்குள்ள ஈரலைத் தின்னுரும். அப்படி வந்தா எங்களாலயும் ஒண்ணும் ஆகாது. பறிச்ச எடத்துல இன்னும் இருக்கா?"

"இருக்கு. விரிஞ்சதைப் பறிக்கல, விட்டுட்டு வந்தேன்."

"விடியவும் போய்க் கொண்டா. டாக்டர் பாக்கணும். முறிக்காதே, அடியோட எடு."

"புத்தும்மா அது. பால் ஊத்திக் கும்புடுற எடம். இரும்பு படக்கூடாது. தரை மட்டத்துலதான் ஒடிப்பேன்."

"இரும்பு வேணாம், கை இருக்குல்ல? ஒடிச்சா அடியில இருக்கிற அடையாளம் மண்ணுக்குள்ளயே போயிருமே."

மாயக்காள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷமாகத் தான் ஒரு காளானின் அடியைக்கூடப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலையடிவாரத்தில் அவள் பறித்த புற்றுகளில் வேறு எதுவும் முளைக்காததால் பிழைத்தாள். அகரத்துப் புற்று வாய்க்கால் ஓரத்துப் புல்தரையில் இருந்தது. போன கோடையில் அங்கே ஆட்டுக்கிடை வேறு போட்டிருந்தார்கள். அந்த எருவில் புதிதாக வேறு ஏதோ முளைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் ஏறித் தாடிக்கொம்பு விலக்கில் இறங்கினாள். நேரே புற்றுக்குப் போனாள். கும்பிட்டுவிட்டு, சரிவில் நின்ற ஒரு காளானைச் சுற்றி விரலால் மண்ணைத் தோண்டினாள். தண்டு போய்க்கொண்டே இருந்தது. முழங்கை மண்ணுக்குள் போன பிறகுதான், எலிவால் போல நீண்ட வேரோடு அது முழுசாக வந்தது. குடையின் நடுவில் கூர்மையான முனை. குடைக்கு அடியில் இருந்த மடிப்புகள் வெள்ளை.

நான்கு எட்டு தள்ளிப் புல்லில் நின்றதைப் பிடித்து லேசாக இழுத்தாள். ஒரு தடையும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது. வேர் இல்லை, அடியில் உருண்டை மட்டும். தண்டைச் சுற்றி மோதிரம் மாட்டியதுபோல ஒரு வளையம். குடையின்மேல் பழுப்புச் செதில்கள். திருப்பிப் பார்த்தாள். மடிப்புகள் பாசி பிடித்த பச்சையாக இருந்தன. பக்கத்தில் முளைத்திருந்த அதன் மொட்டையும் பிடுங்கினாள். மொட்டில் பச்சை இல்லை, செதில் இல்லை. கோழிமுட்டை போல வெள்ளை. புற்றின்மேல் இருந்த மொட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். பெற்ற தாயாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அங்கேயே குந்திக் காலி வயிற்றோடு வாந்தியெடுத்தாள்.

இரண்டையும் தனித்தனி இலையில் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினாள். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எதைச் சமைத்தாய் என்று கேட்டார்.

"ரெண்டையும் ஒரே சட்டியில," என்றாள்.

நர்சம்மா சொன்னாள்: "வேர் இருக்குன்னு மட்டும் நம்பிராதே. மொட்டுல ஒண்ணும் தெரியாது. எல்லா அடையாளமும் சேந்தாத்தான் பறிக்கணும். ஒண்ணு இடிச்சாலும் தூரப் போடு."

ஜக்கம்மாள் கண் திறந்திருந்தாள். கட்டிலுக்கு மாற்றி, சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைச் சத்தம் இப்போது சீராக இருக்கிறது என்றாள் நர்சம்மா. உடையப்பன் கட்டில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். தாயைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆத்தா, நேத்து ஏதோ மயக்கத்துல..."

"கேக்க வேண்டியதத்தேன் கேட்டே. உக்காரு, விழுந்து கிழுந்து வைக்காதே."

"அத்தை," என்றாள் ஜக்கம்மாள் மெல்ல, "வர்ற சனிக்கிழமையிலேருந்து நானும் வெரதம்."

மாயக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை. அரிசிக்கஞ்சியில் உப்புப் போட்டு ஆற்றி, கரண்டி கரண்டியாக மருமகளுக்குப் புகட்டினாள். பாதியில் ஜக்கம்மாள் நிறுத்தச் சொன்னாள். மாமியாரின் கையைப் பிடித்துத் தன் இடது விலாவுக்குக் கீழே வைத்தாள். உள்ளே ஓர் உதை விழுந்தது. கொஞ்சம் விட்டு இன்னொன்று.

மாயக்காள் கையை எடுக்காமல் மறு கையால் மீதிக் கஞ்சியையும் புகட்டி முடித்தாள். பிறகு கட்டிலடியில் இருந்த பேசினை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.