கதிரின் பதினைந்து அரிசிப் பைகள்

கதிர் இறந்துவிட்டார்.

இன்று காலை புக்கிட் பாஞ்சாங்கில் ரயில் ஏறப்போகும்போது தம்பி சுரேஷ் கூப்பிட்டான். "அக்கா... நம்ம கதிர் போயிட்டாருக்கா. ஹார்ட்டாம். தூக்கத்துலயே."

இரண்டு ரயிலை விட்டுவிட்டு பிளாட்ஃபார்மிலேயே உட்கார்ந்திருந்தேன்.

காக்கி புக்கிட்டில் ரிம், டயர் மாற்றி, காரின் உயரத்தை இறக்கித் தரும் வொர்க்‌ஷாப் வைத்திருந்தவர் கதிர். என்னைவிட மூன்று வயது இளையவர். என் சிவப்பு டூ சீட்டர் கார் அவர் கைபட்டதுதான்.

நாற்பத்து மூன்று வயதில் அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினேன். ஆபீஸில் சிரித்தார்கள். யாரையும் கேட்காமல், எனக்காக மட்டும் வாங்கிய முதல் பெரிய பொருள் அது என்று அவர்களிடம் சொல்லத் தோன்றவில்லை.

சுரேஷ் கார் கிளப் ஆள். "சூப்பர்மார்க்கெட் போறதுக்கு எதுக்குலா ஸ்போர்ட்ஸ் கார்? எங்கிட்ட குடுத்துடு" என்று பார்க்கும்போதெல்லாம் ஒரே பாட்டு.

அந்த வருடத் தீபாவளி அன்று சொந்தக்காரர்கள் முன்னால் பந்தயம் ஆகிவிட்டது. எல்லை தாண்டி ஜோகூரில் அவன் கிளப் ஆரஞ்சு கோன்களை வைத்து, நடுவே ஒவ்வொருவராகக் காரை ஓட்டவிடும் ஓட்டத்தில் அவனைவிட வேகமாக நான் முடிக்க வேண்டும். இல்லையென்றால் கார் அவனுக்கு.

சரி என்று சொன்னது நான்தான். வாய்...

மறு வாரமே கதிர் முன்னால் போய் நின்றேன். லேசான ரிம், நல்ல பிடிப்புள்ள டயர் என்று மளமளவென்று முடிவானது. உயரத்தில்தான் தகராறு.

"ரெண்டு விரல் கேப் விடுவோம்க்கா. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல."

"ஒரு விரல்."

"இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு. உங்க புளோக் கார்பார்க்ல ஹம்ப் இருக்கு, அடி தட்டும்..."

"ஒரு விரல், கதிர்."

அடுத்து அவருடைய வழக்கமான வேலை. ஓட்டுகிறவர் உள்ளே இருக்கும்போதுதான் காரின் நான்கு மூலையும் சரியான உயரத்தில் நிற்க வேண்டும் என்பார். ஆளை மணிக்கணக்கில் உட்கார வைக்க முடியாதல்லவா... அதனால் டிரைவர் சீட்டில் அதே எடைக்கு அரிசிப் பைகள். தேக்கா மார்க்கெட்டில் வாங்கிய ஐந்து கிலோ பொன்னி, சுற்றிலும் டேப், மேலே சீட் பெல்ட் வேறு.

"நீங்க எத்தனை கிலோக்கா?"

வொர்க்‌ஷாப்பில் அப்போது ஏழெட்டு ஆண்கள். அத்தனை பேரும் என் பதிலுக்காகவே வேலையை நிறுத்தியதுபோல் இருந்தது எனக்கு.

"ஐம்பத்தஞ்சு."

பதினொரு பைகள் ஏறின.

ஓட்டிப் பார்த்த முதல் நாளே தெரிந்துவிட்டது. வேகமாக இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் வலது முன்டயர் மட்கார்டில் உரசியது. சர்ர்... அந்தச் சத்தம் வந்ததும் என் கால் தானாக பிரேக்குக்குப் போனது. ஜோகூர் ஓட்டத்துக்கு ஒரு வாரம்தான் பாக்கி.

கதிர் ஒரு மணி நேரம் காருக்கு அடியில் கிடந்தார். "என் தப்புதான்க்கா. எங்கயோ அளவு விட்டுட்டேன். எல்லாத்தையும் கழட்டி முதல்லேர்ந்து பாக்குறேன்." வெளியே வந்தபோது முகமெல்லாம் கருப்பு.

செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது... அன்று என்னை எனக்குப் பிடிக்கவில்லை.

"கதிர்... ஐம்பத்தஞ்சு இல்ல. அறுபத்தஞ்சு."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு தடவை ஏறி, இறங்குங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து வலது முன்டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு, "நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

திரும்பி வந்தபோது வேலை முடிந்திருந்தது. ரெண்டு விரல் கேப். சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஜோகூரில் சுரேஷ் முதலில் ஓடினான். நன்றாகவே ஓட்டினான், பாவி. அடுத்தது நான். கதிர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதல் இடப்பக்கத் திருப்பம். சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. இரண்டாவது... வரவில்லை. அதற்கப்புறம் நான் பிரேக்கைப் பற்றி நினைக்கவேயில்லை!

நான் எந்தப் பக்கம் பார்த்தேனோ அந்தப் பக்கம் கார் போனது. ஒரு கோன்கூட விழவில்லை. சுரேஷைவிட அரை நொடி குறைவு. அரை நொடி!!

ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கதிர் ஓடி வந்து பானெட்டைத் தட்டிக் கத்தினார்: "அடிச்சிட்டீங்கக்கா! அடிச்சிட்டீங்க!" நானும் கத்தினேன். ஓ லெவல் பரீட்சை ரிசல்ட் அன்றுகூட நான் அப்படிக் கத்தியதில்லை.

சுரேஷ் தலையைத் தொங்கப் போட்டு வந்தான். "அறுபத்தஞ்சு கிலோவுக்குப் பதிமூணு பை வச்சாராம். அந்த அரிசிதான் ஜெயிச்சுது, நீ இல்ல."

அவன் தள்ளிப்போன பிறகு, "பதிமூணு யார் சொன்னா? பதினஞ்சு" என்றார் கதிர் என் காதருகில். நான் திரும்பிப் பார்த்ததும் இன்னும் மெதுவாக: "நீங்க இறங்கினதும் வண்டி எவ்ளோ எழும்புச்சுன்னு பாத்தேன்க்கா. நீங்க பொய் சொல்லலாம். ஸ்ப்ரிங் சொல்லாது."

அந்த எழுபத்தைந்தை அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. இதோ, நானே சொல்லிவிட்டேன்.

நாளை மதியம் பாசிர் ரிஸ்ஸில் அவர் புளோக்கின் கீழ் தளத்தில்தான் உடலை வைத்திருப்பார்கள். அந்தக் காரில்தான் போகிறேன். சுரேஷும் கூட வருகிறான். எத்தனை கிலோடா என்று கேட்டேன், எழுபது என்றான். நம்பாதீர்கள், கதிர்.

நான் இப்போது எழுபத்தெட்டு கிலோ. இது உண்மை.

போய் வாருங்கள்.