பெரியவுக வரும் பாட்டு

பாலக்காட்டில் நான் வழக்கமாகக் காப்பி குடிக்கும் கடையில், போன வாரம் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். நல்ல சாயங்காலம். யாரும் சாத்தச் சொல்லவில்லை. தாழ்ப்பாளைத் தேடிக் கண்ணாடிக் கதவைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கே உறைத்தது: கடைக்காரப் பையன் ஒரு இசைத்தட்டைச் சுழலவிட்டிருக்கிறான், அதிலிருந்து தகர டின் அடிக்கும் சத்தம் வருகிறது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடியும் மூன்று.

"ஏனுங்க சார், குளுருதுங்களா?" என்றான். பாலக்காட்டு வெக்கையில் குளிராம். கொங்குத் தமிழ் பேசும் கொழிஞ்சாம்பாறைப் பையன், கேலியையும் மரியாதையோடுதான் செய்வான்.

"இது என்ன பாட்டு தம்பி?"

"பழசுங்க சார். அன்னிக்கு ஒருத்தரும் வாங்கலியாமா. இப்ப வெளிநாட்டுல ஒரு கம்பெனி தேடிப் புடிச்சு மறுக்கா போட்ருக்குதுங்க. கண்ண மூடிக் கேட்டீங்கன்னா அப்படியே மெதக்குமுங்க."

அட்டையை நீட்டினான். மலைமக்களின் சடங்குத் தாளம் என்று பின்பக்கம் இங்கிலீஷில் அச்சடித்திருந்தார்கள். அதற்கு மேலே என் அண்ணனின் பெயர். சடங்காம்! சிரிப்பு வந்தது.

புது அட்டையில் பசை வாசனை. எனக்குத் தெரிந்த பழைய அட்டையில் தேயிலைத்தூள் வாசனை அடிக்கும். அண்ணனும் நானும் சின்னக்கானல் மலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் புதிதாகச் சேர்ந்த எடுபிடி. அவர் தேயிலையை உலர்த்தும் அடுப்புக்குப் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் பாடுவார். ஆனால் அவர் பாடினால் ஞானப்பாட்டுகூட நடுவழியில் தடம் மாறி, ஒப்பாரிக்குள் புகுந்து, எங்கோ பள்ளத்தில் இறங்கிவிடும். போதகர் ஐயர் கண்ணை மூடிக்கொள்வார். பக்தியினாலா பயத்தினாலா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அந்த டின்னைப் பற்றிச் சொல்லாமல் பாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் லயங்கள் சரிவில் வரிசை வரிசையாக நிற்கும் வீடுகள். யானையை முதலில் பார்க்கிறவர் மண்ணெண்ணெய் டின்னை எடுத்து மூன்று தட்டுத் தட்டி நிறுத்துவார். அந்த நிறுத்தம் காது கொடுப்பதற்கு. அடுத்த லயத்திலிருந்து பதில் தட்டு வரவேண்டும். வந்தால், அவர்களுக்குக் கேட்டுவிட்டது, கதவு சாத்தியாயிற்று. யானை என்ற பெயரைச் சொல்லமாட்டோம். 'பெரியவுக' என்போம். வாரந்தோறும் வேதம் வாசிக்கிறவர்கள்தான்; ஆனால் வேதம் வாசிப்பது பகலில், பெரியவுக வருவது பொழுது சாய்ந்தபின்.

அண்ணன் கொச்சியில் பாட்டுப் பதியப் போனபோது அந்த டின்னையும் தூக்கிக்கொண்டு போனார். அங்கே குரலை எதிரொலிக்கவைக்கும் ஒரு கருவி இருந்ததாம். டின் சத்தத்தை அதற்குள் விட்டார்கள். அவர் தட்டி நிறுத்த, தூரத்திலிருந்து யாரோ பதில் தட்டுவதுபோலக் கேட்டது. மலை முழுக்க அடிப்பதுபோல. அதன்மேல் அவர் குரலும் கிட்டாரும். அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

இசைத்தட்டு வந்ததும், கோயிலில் ஊரே சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையன்று ஒலிபெருக்கியில் போட்டார். பந்தி நடந்துகொண்டிருந்தது. மூன்று தட்டு கேட்டதுதான் தாமதம், இலையில் சோறும் கறியும் அப்படியே கிடக்க, ஊரே வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டது. வெளியே நின்றது நாயும் அண்ணனும்தான். நாய் சாப்பிட்டது.

பிறகு சிரிப்பு. சிரித்துச் சிரித்தே பழகிப்போனது. அண்ணன் தினமும் பொழுது சாயும்போது வாசலில் அந்தப் பாட்டைப் போடுவார், யாரும் எழுந்திருக்கமாட்டார்கள். பயம் இவ்வளவு சுலபமாக விட்டுப்போகும் என்பதே இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

ஒரு நாள் மதினியும் நானும் விறகு பொறுக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். மூடுபனி. மேலே மூன்று தட்டு கேட்டது.

"ஆரம்பிச்சுட்டாரு ஒங்க அண்ணன்," என்றார் மதினி, தலையில் விறகுக் கட்டோடு. "சோத்த வடிச்சு வையும்னா டின்ன வடிச்சுக்கிட்டிருக்காரு."

கீழ் லயத்திலிருந்து பதில் தட்டு வந்தது.

"எக்கோ இன்னைக்கு நல்லா விழுது மதினி," என்றேன் நான். பெரிய சங்கீத ரசிகன்!

நாலு எட்டு வைத்திருப்போம். ஈரச் சாணமும் நசுங்கிய பச்சிலையுமாக ஒரு வாசனை. முன்னாலிருந்த பனியில் ஒரு பகுதி மட்டும் கறுப்பாக இருந்தது. அது மூச்சு விட்டது. மதினியின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. கட்டை இறக்க முடியாது, சத்தம் கேட்கும். அவர் தலைமேல் கயிறு முறுகிக் கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. விசிறுவதுபோல ஒரு காது அசைந்தது. மேலே டின் நிற்கவே இல்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். பெரியவுக ஓடைப் பக்கம் இறங்கிய பிறகும் மதினி கையை விடவில்லை.

வீட்டருகே வந்தபோது அண்ணன் வெறும் கையால் டின்னை அறைந்துகொண்டிருந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம். மதினியைப் பார்த்தும் அவரால் நிறுத்த முடியவில்லை. மதினிதான் டின்னைப் பிடுங்கினார்.

மறுநாள் மிச்சமிருந்த இசைத்தட்டுகளையெல்லாம் உலர்த்தும் அடுப்பில் போட்டார். அந்தத் தூளில் டீ போட்டுக் குடித்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அதன்பின் அவர் பாடவில்லை. இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. கொச்சியில் எந்த அலமாரியிலோ ஒரு நாடா மட்டும் தப்பியிருக்கிறது.

கடையிலிருந்தே மதினிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். இன்னும் மலையில் அந்த லயத்திலேயேதான் தனியாக இருக்கிறார்.

"தெரியும் தம்பி. டென்ட் போட்டுத் தங்க வார பிள்ளைக பொட்டியில போட்டு ஆடுதுக. வாரத்துல ரெண்டு நாளு ஒங்க அண்ணன் சத்தந்தான்."

"நீங்க என்ன செய்யுதீக?"

"கதவப் பூட்டிருதேன்."

"பாட்டுன்னு தெரிஞ்சுமா?"

"பாட்டுன்னு நெனச்சுத்தானய்யா அன்னைக்கு நடந்தோம்."

இந்தப் பாட்டு இன்னும் எத்தனை சாயங்காலம் அவரை எழுப்பும்? ஒரு நாள் முட்டி வலியில், சலிப்பில், பாட்டுதானே என்று உட்கார்ந்துவிட்டால்? பெரியவுக வந்தால் இப்போது போனில் செய்தி வருமாம். மதினியின் சரிவில் பாதி நேரம் டவர் கிடைக்காது. மண்ணெண்ணெய் டின்னும் இல்லை, எல்லாம் பிளாஸ்டிக்.

"பதில் தட்டு வருதான்னு காது குடுத்துப் பாக்கலாம்ல மதினி?"

"யாரு தட்டுவா? கீழ் லயத்துல ஆளு ஏது? காலியாக் கெடக்கு." போனை வைத்துவிட்டார்.

இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தது. மூன்று தட்டு, நிறுத்தம். என் விரல் தானாக மேஜைமேல் மூன்று தட்டியது. பையன் சிரித்தான்.

"சார் தாளமெல்லாம் போடறீங்க! கதவத் தொறக்கட்டுங்களா?"

"இரு தம்பி," என்றேன். "முடியட்டும்."