மூடியில் அப்பிய சந்தனம்

நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் எனக்குக் கொஞ்சம் நிலமும், முன்னால் மண், எரு அள்ளும் லோடர் மாட்டிய ஒரு டிராக்டரும் உண்டு. அந்த லோடரில் எண்ணெய் கசிந்தபோது கோரிப்பாளையத்திலிருந்து மெக்கானிக் பாய் வந்து பம்பின் சீல் வளையத்தை மாற்றிக் கொடுத்தார். நான்கு நாள் பழுதில்லாமல் ஓடியது. ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி எல்லா இடத்திலும் பொட்டு வைத்தேன். கிண்ணத்தில் மீந்த சந்தனத்தை வீணாக்க மனமில்லாமல், ஹைட்ராலிக் எண்ணெய்த் தொட்டியின் மூடி முழுக்க அப்பினேன்.

மறுநாள் எரு அள்ளும்போது பக்கெட் பாதி உயரத்தில் நின்றுவிட்டது. பம்பு ஊளையிட்டது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஒன்றையும் திறந்து பார்க்காமல் நேராக டீக்கடைக்குப் போனேன்.

"பாய் கை வச்சதுல இருந்துதேன் இம்புட்டுத் தொல்லையும்," என்றேன்.

அப்படிச் சொன்னால் கேட்பவர்கள் காதில் வேறு என்னவெல்லாம் விழும் என்று எனக்குத் தெரியாமலில்லை. அந்த வாரமே எங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் அவரிடம் விட்டிருந்த வண்டிகளைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்.

நான் கூப்பிடாமலே அவர் பைக்கில் வந்தார். எண்ணெய் அளவைப் பார்த்தார், குழாய்களைத் தடவிப் பார்த்தார். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு தொட்டி மூடியை லேசாகத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ஊளை அடங்கியது; லீவரை இழுத்ததும் பக்கெட் மேலே எழுந்தது.

"மூடி ஓரத்துல பொடிப்பொடியா ஓட்டைக இருக்குண்ணே. அதுவழியாத்தான் டேங்க் மூச்சு விடணும். அடைச்சிருக்கு."

காய்ந்த சந்தனம் சிமெண்டு போல இறுகியிருந்தது. துடைக்கக் கையில் துணி இருந்தும் அவர் தொடவில்லை.

"சாமிக்கு வச்சது. நீங்களே எடுத்துருங்க."

குண்டூசியால் ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தினேன். அவமானத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கிளம்பும்போது சொன்னார்: "டீக்கடைல எம்பேரச் சொன்னீகளாம். இதையும் அங்க ஒரு வார்த்தை சொல்லிருங்கண்ணே. எம்பொழப்பு பாருங்க."

"கட்டாயம் சொல்றேன் பாய்," என்றேன். சொல்லத்தான் மறுநாள் காலையில் போனேன்.

"லோடர் சரியாயிருச்சா?" என்று கடைக்காரர் கேட்டார். பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆயிருச்சு. சின்ன அடைப்பு."

"பாய் வச்ச அடைப்பா, மாப்ள?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

இல்லை, நான் வைத்தது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தேன்.