கதவைத் திருப்பிப் போட்டவர்

செய்தி தாராபுரத்திலிருந்து வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து மேஸ்திரி ரங்கன் பேசினார். பின்னால் பஸ் இரைச்சல். ஏதோ கான்கிரீட் தகராறு என்று நினைத்துக்கொண்டு, "இன்ஜினியர்கிட்டக் குடுங்க, நான் பேசிக்கறேன்" என்றேன். "அவரு போயிட்டாருங்க சார். சாரத்துக்குக் கீழ சித்தே உக்காந்தாரு. தண்ணி கேட்டாரு. கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாருங்க" என்றார்.

இன்ஜினியர் அர்த்தநாரி என் தொழில் பங்காளி. காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருவரும் சேர்ந்து அலுவலகம் வைத்திருந்தோம். வீட்டின் அமைப்பை அவர் வரைவார். அது இடிந்து விழாமலிருக்கக் கம்பிக் கணக்கை நான் போடுவேன். நம் இன்ஜினியர்கள் சங்க இதழின் ஆசிரியர் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னார். அவர் உயிரோடு இருந்தபோது அந்த நாலு வார்த்தையில் ஒன்றைக்கூடச் சொல்லாதவர்கள் பலர் இதைப் படிக்கப்போகிறீர்கள். உங்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவருடைய வேலை முறை உங்களுக்குத் தெரியும். அதைக் கிண்டல் செய்தவர்களும் நீங்கள்தான். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே வெறும் மண்ணில் சுண்ணாம்புப் பொடியால் வீடு முழுவதையும் கோடு போட்டு, வீட்டுக்காரர்களை அதற்குள் நடமாட விடுவார். இங்கே படுங்கள், இங்கே அடுப்பு, குனிந்து எழுந்து பாருங்கள் என்பார். "பேப்பர்ல எல்லாருக்கும் எடம் இருக்குமுங்க. தரையிலதான் இடிக்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

பல்லடத்துச் சென்னியப்பன் வீட்டு வேலையும் அப்படித்தான் தொடங்கியது. விசைத்தறியிலும் கோழிப்பண்ணையிலும் மேலே வந்தவர் அவர். திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக்காரர் வீட்டில், குச்சியால் பந்தைக் குழியில் தள்ளி ஆடும் பூல் மேஜையைப் பார்த்துவிட்டு வந்து, தம் புது வீட்டிலும் அதற்கு ஓர் அறை வேண்டும் என்றார். துணி வாங்க வரும் ஜெர்மனிக்காரர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு ஆடுவார்களாம். அப்போது கோவையில் எங்கள் தொழிலில் இருந்த பலர் அந்த மேஜையைக் கண்ணால் பார்த்ததில்லை. மேஜை எட்டுக்கு நாலு என்றால் சுற்றி ஆளுக்கு இரண்டு மூன்று அடி விட்டுப் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறையைக் கட்டிக் கொடுத்திருப்போம். நானும் அப்படித்தான் சொன்னேன்.

அர்த்தநாரி ஓர் ஒட்டடைக் கம்பைப் பந்தடிக்கும் குச்சியின் நீளத்துக்கு, ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவாக, வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கோடு போட்ட மனையில் மேஜைக்கு ஈடாக ஒரு பழைய கதவைச் செங்கல் மேல் கிடத்தினார். "பந்து ஓரத்துல நிக்குதுன்னு வெச்சுக்குங்க. இப்ப அடிங்க" என்று சென்னியப்பனிடம் கம்பைக் கொடுத்தார். வெள்ளை வேட்டியோடு அவர் குனிந்து கையைப் பின்னுக்கு இழுத்தார். கம்பின் முனை நான் சொன்ன அளவின் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது.

"ஏனுங்க இன்ஜினியர், பண்ணைக் கோழியெல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்குதுங்க."

"கோழி சிரிச்சாச் சிரிக்கட்டுமுங்க. சொவத்துல குச்சி இடிச்சா ஜெர்மனிக்காரன் சிரிப்பான்."

ஆக, நீளம் பதினேழு அடி, அகலம் பதிமூன்றரை என்று முடிவானது. அதற்கு அடுத்த அறை, பத்தரை அடி அகலத்தில், சென்னியப்பனின் அக்கா ருக்மணிக்கு. கல்யாணமான சில வருடங்களில் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். பண்ணையில் முட்டை பொறுக்கித் தீவனம் போட்டு அதை நிமிர்த்தியதே அவர்தான் என்று பல்லடத்தில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பிறகு மனையடி பார்க்கிறவர் வந்தார். அறையின் உள்ளளவு எத்தனை அடி இருந்தால் நல்லது, எத்தனை இருந்தால் கெடுதல் என்று சொல்லும் கணக்கு அவருடையது. நம் பக்கத்தில் அவர் தலையசைக்காமல் ஒரு செங்கல்லும் ஏறாது. "பதிமூணு பகைங்க. பதினாலு நட்டம். பதினாறா வெச்சுப்போடுங்க, செல்வம் நிக்கும்" என்றார். அர்த்தநாரி அதை எதிர்க்கவில்லை. வெளிச் சுவரை இரண்டரை அடி போர்ட்டிகோப் பக்கம் தள்ளிக்கொள்ளலாம் என்றார்.

"ரெண்டாவது காரு வருதுங்களே, அதை ரோட்லயா நிறுத்தறது?" என்றார் சென்னியப்பன். "இந்தப் பக்கமா அக்கா ரூம்புல எடுத்துக்குங்க. பத்தரையை எட்டாக்குனாச் சரியாப்போச்சு. எட்டும் நல்ல அளவுதானுங்களே?"

"தாராளமா வெக்கலாமுங்க" என்றார் மனையடிக்காரர்.

ருக்மணி அம்மாள் எல்லோருக்கும் மோர் கொண்டுவந்து அங்கேதான் நின்றிருந்தார். அர்த்தநாரி அவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க அம்மணி. எட்டடி பத்துமுங்களா?"

அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையிலிருந்த கோட்டையே பார்த்துக்கொண்டு, "எனக்கென்னுங்க, ஒண்டி ஆளு. ஒரு கட்டலு போட்டாப் போதும்" என்றார்.

"பாத்தீங்களா, அக்காளே சொல்லிப்போட்டாங்க" என்றார் சென்னியப்பன்.

"அவங்க உங்குளுக்குச் சொன்னாங்க. நான் கேட்டதுக்கு இன்னும் சொல்லலீங்க." அர்த்தநாரியின் குரல் உயரவில்லை. "பந்து ஓடறதுக்குப் பதினாறு, ஆளு படுக்கறதுக்கு எட்டு. இதை நான் வரையமாட்டனுங்க."

அந்த ஒரு வாக்கியத்தில் வேலை போயிற்று. வேறோர் இன்ஜினியர் எங்கள் வரைபடத்தை எடுத்து, சுவரைத் தள்ளி, தம் முத்திரையைக் குத்திக் கட்டிக் கொடுத்தார். அவர் பெயரை எழுதமாட்டேன். சாவு வீட்டுக்குப் பெரிய மாலையோடு வந்து, அர்த்தநாரியின் நேர்மையைப் பற்றித் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தவர் அவர்தான். அர்த்தநாரி சாஸ்திரத்தை மதிக்காதவர் என்று பல்லடத்திலிருந்து திருப்பூர் வரை பேச்சுப் பரவியது. கைக்கு வரவேண்டிய வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. "உங்க நியாயத்துக்கு என்ற பொழப்பையும் சேத்துக் கெடுத்துப்போட்டீங்க" என்று நான் கத்தினேன். "நீங்க சொல்றதும் நெசந்தானுங்க" என்றார். அவரோடு சண்டை போடுவதில் உள்ள கஷ்டமே அதுதான். ஒத்துக்கொள்வார், ஆனால் மாறமாட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. செத்துப்போனார் என்பதற்காக அதைத் தள்ளுபடி செய்துவிட முடியாது.

புதுமனைப் புகுவிழாவுக்கு எனக்கு மட்டும் பத்திரிகை வந்தது. போனேன். பதினாறடி அறையில் பூல் மேஜைமேல் போர்வையை விரித்து, சீர்த்தட்டுகளை அடுக்கியிருந்தார்கள். பக்கத்து அறையில் கட்டிலும் அலமாரியும் போட்ட பிறகு, உள்பக்கம் திறக்கும் கதவு கட்டிலில் முட்டிப் பாதியில் நின்றது. ருக்மணி அம்மாள் பட்டுச் சேலையை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து வெளியே வந்தார். என்னைக் கண்டதும், "சாப்புட்டுத்தான் போகோணுமுங்க" என்றார்.

மறுநாள் அர்த்தநாரியிடம் இதைச் சொன்னேன். அவர் சென்னியப்பனைத் திட்டுவார், இருவரும் சேர்ந்து திட்டலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "கீல் எந்தப் பக்கம் இருக்குது?"

அடுத்த நாள் அவர் அலுவலகத்துக்கு வரவில்லை. எங்கள் தச்சரைக் கூட்டிக்கொண்டு பல்லடம் பஸ் ஏறிவிட்டார். நடந்ததைத் தச்சர்தான் பிற்பாடு என்னிடம் சொன்னார். சென்னியப்பன் வாசலிலேயே மறித்திருக்கிறார்.

"ஏனுங்க, வரையமாட்டேன்னு போனவரு, கூப்புடாத ஊட்டுக்கு வந்திருக்கறீங்க?"

"ஊட்டுக்கு வரலீங்க, கதவுக்கு வந்தனுங்க. ஒரு மணி நேரம் விட்டீங்கன்னா, வெளியில தெறக்கற மாதிரி திருப்பிப் போட்டுட்டுப் போயிருவோம்."

"திருப்புங்க, திருப்புங்க. அப்படியே உங்க கௌரவத்தையும் கழட்டித் திருப்பி மாட்டிக்குங்க" என்று சொல்லி, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார் சென்னியப்பன். அர்த்தநாரியும் கூடச் சிரித்தாராம். தச்சர் கீலைக் கழற்றி மாட்டும்வரை தேக்குக் கதவைத் தோளில் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாராம். முடிந்ததும், "வாங்க அம்மணி, இனி நேராப் போலாம்" என்றாராம். அந்த அம்மாள் நேராக உள்ளே நடந்து போய், கட்டிலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் வெளியே வரவில்லையாம்.

அலுவலகத்தில் அர்த்தநாரியைப் பிடித்துக்கொண்டேன். "வேண்டாம்னு தொரத்துனவன் வாசல்ல போய் நின்னீங்களே, வெக்கமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சுங்க. அதான் வேற யாரையும் அனுப்பலை, நானே போனேன்."

அவர் சாவுக்குச் சென்னியப்பன் காரில் வந்தார். மாலை போட்டார், மணியைப் பார்த்தார், போய்விட்டார். அவர் அக்கா அந்தக் காரில் வரவில்லை. நாங்கள் மயானத்திலிருந்து திரும்பியபோதுதான் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அர்த்தநாரியின் மனைவி பாக்கியத்தின் பக்கத்தில் வெகுநேரம் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, "அவரு ரூம்பு எதுங்க? ஒருக்கா பாக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

பாக்கியம் அழுதுகொண்டே சிரித்துவிட்டார். "அவருக்கு ஏதுங்க ரூம்பு? பிள்ளைகளுக்கு ஒண்ணு, எனக்கும் மாமியாளுக்கும் ஒண்ணு. அவரு நாம உக்காந்திருக்கற இந்த ஆசாரத்துலதான் மடக்குக் கட்டலைப் போட்டுக்குவாரு. காலையில எந்திரிச்சு மடிச்சு வெச்சுப்போடுவாரு, யாருக்கும் வழியில இருக்கக்கூடாதுன்னு."

இத்தனை வருடம் அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறேன். அந்த மடக்குக் கட்டிலை நான் பார்த்ததில்லை. ருக்மணி அம்மாள் நாங்கள் உட்கார்ந்திருந்த தரையை ஒரு முறை உள்ளங்கையால் தொட்டார்.

அர்த்தநாரியின் பொறுமை எனக்கு வராது. அவர் மன்னிப்பதுபோல் ஒருவனை மன்னிக்கவும் எனக்குத் தெரியாது. மாலையோடு வந்தவர்களை நான் மன்னிக்கவில்லை. போன வாரம் சாயிபாபா காலனியிலிருந்து ஒருவர் பூல் மேஜைக்கு அறை கேட்டு வந்தார். வயதான சித்தப்பாவின் அறையைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் இடம் கிடைக்கும் என்று அவரே பென்சிலால் காட்டினார். முடியாது என்றேன். அர்த்தநாரி என்றால் கோபமில்லாமல் சொல்லியிருப்பார். நான் கோபமாகத்தான் சொன்னேன். வந்தவர் எழுந்து படியிறங்கிப் போய்விட்டார். அறையில் என்னைத் திட்டவும் ஆளில்லை, நான் திட்டவும் ஆளில்லை. அர்த்தநாரியிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த 'முடியாது' ஒன்றுதான். அது இனி என்னிடம் இருக்கும்.