என் பெயருக்கு வந்த பால் பவுடர் டப்பா

“…கம்ப்யூட்டர் மேல தப்பு இல்ல மாலாக்கா, ராத்தாவும் உங்ககிட்ட பொய் சொல்லணும்னு சொல்லல. அந்த டப்பா எனக்கு வந்ததுதான்” என்றாள் பரீதா.

ஒரு சனிக்கிழமை மதியம், என் வீட்டுக் கூடம் நிறையப் பெண்கள் நின்றுகொண்டிருக்க, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்ன வார்த்தை இது. ராத்தா என்பது நான்தான். பரீதாவுக்குக் கீழக்கரை. அவர்கள் பக்கத்தில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இதைச் சொல்லிவிட்டு அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஓர் இடத்துக்கு நேரே போய்ச் சேருகிற பழக்கம் எனக்குக் கிடையாது. காய் வாங்கப் போனாலும் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டுத்தான் வீடு திரும்புவேன். நீங்களும் கொஞ்சம் கூடவே சுற்றி வாருங்கள்.

போன வாரம் மாடிப்படி இறங்கும்போது என் இடது முழங்கால் ‘கடக்’ என்றது. வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, போனின் காதில் விழுந்துவிட்டது. சாயங்காலமே முழங்கால் பட்டை, தைலம், மூட்டு மாற்று சிகிச்சை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. “யூ மஸ்ட் ஹேவ் சர்ச்டு ஃபார் இட், மா” என்று மகள் சிரிக்கிறாள். தேடவில்லையடி என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள். நான் ஒரு விளம்பரத்தைத் தள்ளத் தள்ள, எங்கிருந்தோ குழந்தைப் பவுடர் வாசனை வந்தது. போனில் வாசனை வராது என்று எனக்கும் தெரியும். ஆனால் எனக்கு விளம்பரம் என்றாலே அந்த வாசனைதான்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் இருந்தோம். காலையில் ஆண்களெல்லாம் ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்க ஓடிய பிறகு, அந்த அபார்ட்மென்ட் முழுக்க எங்கள் ராஜ்ஜியம். பாதிப் பேருக்கு வேலை பார்க்க அனுமதியில்லாத விசா. படிப்பு பீரோவில், கரண்டி கையில். எங்கள் கட்டடத்தின் வாசலில் சுவரோடு சுவராக இரும்புத் தபால் பெட்டிகள் இருந்தன. பெட்டிக்குள் நுழையாத பார்சலைக் கீழே ஒரு பலகையில் வைத்துவிட்டுப் போய்விடுவார் தபால்காரர். அதைப் பார்க்காமல் யாரும் படியேற முடியாது. யார் வீட்டில் புது மிக்ஸி, யாருக்கு ஊரிலிருந்து மருந்து என்பதெல்லாம் பலகையைப் பார்த்தால் போதும். அதை வாசித்துச் சொல்ல, எதிர்வீட்டு மாலா இருந்தாள். பொள்ளாச்சிக்காரி. நல்ல மனசு, நீளமான கண்.

பரீதா எனக்கு மேல்வீடு. அவள் வீட்டு லேப்டாப் கணவரோடு ஆபீசுக்குப் போய்விடும் என்பதால், என் வீட்டுக் கம்ப்யூட்டரில் மெயில் பார்க்க வருவாள். ஒருநாள் வந்தவள் கதவைச் சாத்திவிட்டு, நாள் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டரும் உறுதி சொல்லிவிட்டார் என்றாள். முகத்தில் சிரிப்பையே காணோம்.

“மூணு மாசம் முடியற வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியக் கூடாது ராத்தா. போன தடவ, இங்க வர்றதுக்கு முன்னாடி பார்சிப்பனில இருக்கும்போது எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அப்புறம் எல்லார்கிட்டயும் திருப்பிச் சொல்ல வேண்டியதாப் போச்சு.”

அந்தத் ‘திருப்பிச் சொல்ல’ என்பதை இன்றைக்கும் என்னால் கடக்க முடியவில்லை. கலைந்ததைவிட, ஒவ்வொரு போனிலும் அதைச் சொல்லிச் சொல்லி, எதிர்ப்பக்கத்து ‘அய்யோ பாவ’த்தைக் கேட்டுக்கொண்டு நின்றதுதான் அவளை முறித்திருந்தது.

அப்போது ஓர் இணையதளம் இருந்தது. பேரையும் விலாசத்தையும் பிள்ளை பிறக்கப்போகிற தேதியையும் கொடுத்தால், இந்த வாரம் உங்கள் குழந்தை எப்படியிருக்கிறது என்று வாராவாரம் மெயில் அனுப்பும். பரீதாவுக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. ஆனால் சொந்தப் பெயரைப் போடப் பயம். கம்பெனிக்காரனுக்குத் தெரிந்துவிடும் என்று இல்லை. பார்சிப்பனியிலிருந்து கணவரின் சொந்தக்காரர்கள் வந்துபோவார்கள், ஒரு தபால் மேசையில் கிடந்தால் போதும். நான் டீ போட்டுக்கொண்டு வருவதற்குள் பட்டென்று தட்டி முடித்துவிட்டாள்.

“உங்க பேரையும் உங்க அட்ரஸையும் போட்டுட்டேன் ராத்தா. கோவிச்சுக்காதீங்க.”

“ஏண்டி, என் பேர்தான் கிடைச்சுதா?”

“உங்களைப் பாத்து யாரு கண்ணு வைக்கப் போறா?”

நாற்பதைத் தாண்டி, தலையில் எண்ணெய்யும் உடம்பில் நைட்டியுமாக நின்றிருந்தேன் நான். அவள் கணக்கு சரிதான் என்று எனக்கும் தோன்றியது. கம்ப்யூட்டருக்குக் கண்ணாவது மண்ணாவது என்று இரண்டு பேரும் நினைத்தோம்.

செவ்வாய்க்கிழமைதோறும் மெயில் வரும். இருவரும் நாற்காலியைப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப்போட்டு வாசிப்போம். ஒரு வாரம் எள்ளு, ஒரு வாரம் பயறு, அப்புறம் திராட்சை. “இந்த ஊர்க்காரன் புள்ளைய ஏன் ராத்தா காய்கறிக் கடையில வெச்சுப் பாக்குறான்?” என்பாள். ஆனால் கடைக்குப் போனால் அந்தந்த வாரத்துப் பழத்தை ஒன்று எடுத்து, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருப்பாள். மறுபடி வைத்துவிடுவாள். ஒருநாள்கூட வாங்கியதில்லை.

இதற்கிடையில் என் தபால் பெட்டி பருத்தது. நாங்கள் சொன்னது ஒரே ஒரு தளத்திடம். அது யாரிடம் சொன்னதோ, அவர்கள் யாரிடம் சொன்னார்களோ. டயப்பர் கூப்பன், குழந்தைப் பவுடர் மணக்கும் வழவழப்பான அட்டை, பிறக்காத பிள்ளைக்குக் காப்பீடு, ஸ்டூடியோவில் போட்டோ எடுக்கத் தள்ளுபடி. நம் ஊரிலும் ஒருத்தியிடம் சொன்னால் தெருவே பேசும். ஆனால் யார் வாயிலிருந்து கிளம்பியது என்று தெரியும். வாசலில் போய் நின்று “ஏண்டி சொன்னே” என்று ஒரு சண்டை போடலாம். இங்கே யார் வாசலில் போய் நிற்பது?

எலுமிச்சம்பழ வாரம் வருவதற்கு முன் ஒரு காலையில் பரீதா வந்தாள். கம்ப்யூட்டர் பக்கம் போகவில்லை. அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள்.

“இனிமே அதைத் தெறக்க வேணாம் ராத்தா.”

அவ்வளவுதான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். “யாருக்கும் தெரியாதுல்ல?” என்றாள். தெரியாது என்றேன். “இந்தத் தடவ யார்கிட்டயும் திருப்பிச் சொல்ல முடியாது என்னால” என்றாள்.

அவள் போன பிறகு அந்த மெயிலை நிறுத்தப் போனேன். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டது. மெயில் அதிகமாக வருகிறது, குழந்தை பிறந்துவிட்டது, மற்றவை. இந்த மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். ‘மற்றவை’யைத் தொட்டேன்.

மெயில் நின்றது, தபால் நிற்கவில்லை. யார் யாரிடமோ போய்விட்ட என் பெயரை எங்கே போய்த் திரும்ப வாங்குவது? எந்த வயிற்றிலும் இல்லாத ஒரு பிள்ளை, அவர்கள் கணக்கில் மாதாமாதம் வளர்ந்தது. பரீதா கண்ணில் படக்கூடாதென்று, தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவேன். ஒருநாள் மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய்விட்டுத் திரும்பினால், பலகைமேல் என் பெயர் போட்ட பெரிய அட்டைப்பெட்டி. பக்கத்தில் மாலா. பெட்டியின்மேல் பால் பவுடர் டப்பாவின் படம், ரோஸ் நிற எழுத்தில் வாழ்த்துக்கள்.

“ஏனுங்க்கா, எங்ககிட்டக்கூடச் சொல்லாம இருந்துட்டீங்களே?”

எனக்கில்லை என்றால், பின் யாருக்கு என்பாள். செவ்வாய்க்கிழமைதோறும் என் வீட்டுக்கு யார் வந்துபோனது என்பது அவளுக்கு மனப்பாடம். அதனால் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை அவள் வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள். மகளோ படியேறும்போது என் வயிற்றையே பார்த்தபடி, “அம்மா, ஆர் யூ ஹேவிங் எ பேபி?” என்றாள். அது வெறும் தோசைதான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

சொன்னால்தானே வம்பு என்று நான் வாயை மூடிக்கொண்டிருக்க, மாலா இணையத்தில் ஓர் அழைப்பிதழ் தயார் செய்து, என்னைத் தவிர அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டாள். அமெரிக்கக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கொண்டாடுவார்களே, அந்த சர்ப்ரைஸையும் நம் வளைகாப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிட்டாள். பரீதா மெயில் பார்ப்பதையே விட்டிருந்ததால் அவளுக்கும் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை நான் கதவைத் திறந்தபோது கையில் சாம்பார்க் கரண்டி. வெளியே பட்டுப்புடவைகள். புளியோதரை, தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், எல்லாம் அலுமினியத் தட்டுகளில். ஒரு தாம்பாளம் நிறைய, நம் ஊர்க் கடைகள் இருக்கிற எடிசனுக்குப் போய் வாங்கிவந்த கண்ணாடி வளையல். கடைசியாக, சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி, வாசலில் யாரோ கையில் கொடுத்த ஒரு சாதத் தட்டோடு, நடப்பது புரியாமல் பரீதா. நான் வாயைத் திறப்பதற்குள் மாலா என் சாப்பாட்டு மேசை நாற்காலியை நடுக்கூடத்தில் போட்டு, அதன்மேல் சிவப்புப் புடவை விரித்து, “வந்து உக்காருங்க்கா” என்றாள்.

“மாலா, எனக்கு ஒண்ணும் இல்ல. ஏதோ கம்ப்யூட்டர் தப்பா அனுப்பிட்டிருக்கு.”

“கம்ப்யூட்டரு எப்படிங்க தப்பாச் சொல்லும்? எங்க வூட்டுக்காரரு அதுலதான வேலை செய்யறாரு. யாராச்சும் பேர் குடுக்காம வருமுங்களா?”

“அப்ப உங்க பேரை யாரு குடுத்தாங்க?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

நான் பரீதா பக்கம் பார்க்கவே கூடாதென்று ஜன்னலைப் பார்த்தேன். எனக்குத்தான் இருந்தது, தங்கவில்லை என்று சொல்லிவிட வாயெடுத்தேன். இரண்டு பெற்றவள், இந்த வயதில் எனக்கென்ன, நாலு ‘அய்யோ பாவ’த்தை நான் வாங்கிக்கொள்கிறேன். அந்த நேரத்தில்தான் அவள் பேசினாள். முதலில் சொன்னேனே, அந்த வார்த்தை. அதோடு இன்னும் கொஞ்சம்: “நான்தான் ராத்தா பேரைப் போட்டேன். எனக்கு இருந்துச்சு. இப்ப இல்ல.”

ஒருத்தரும் பாவம் என்று சொல்லவில்லை. மாலா வளையல் தாம்பாளத்தை இடுப்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அந்தப் பலகை இப்போது இல்லையாம். பார்சலுக்கென்று பூட்டுப் போட்ட பெட்டி வைத்து, திறக்கும் எண்ணைப் போனுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். பெண்களும் கலைந்துவிட்டோம், சன்னிவேலில் சிலர், டெக்சஸில் சிலர். என் அக்காள் மருமகள் ஸ்கேன் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டபோது, அவள் மாமியாரான என் அக்காளே நான் போட்ட இதயப் படத்துக்குக் கீழேதான் ஓர் இதயத்தைப் போட்டாள். நல்லதுதான், குறை சொல்ல எனக்கு வாயில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு சேதியை மடியில் கட்டிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்த அந்த மூன்று மாதம்தான் எங்கேயும் காணோம். அவள் யாரிடமும் சொல்வதற்குள் யாரோ சொல்லிவிடுகிறார்கள். தப்பாகத் தெரிந்துகொண்டாலும், புளியோதரையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து நின்றவர்களையும் காணோம்.

அன்றைக்குப் பரீதா, கையிலிருந்த தட்டை என்னிடம் கொடுத்தாள். கூடத்தின் நடுவே நடந்து போய், அந்தச் சிவப்புப் புடவை விரித்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முழுக்கைச் சட்டையை முழங்கைவரை ஏற்றிவிட்டுக்கொண்டு, மாலாவிடம் இரண்டு கைகளையும் நீட்டினாள்.